ஓட்டக்குள்ள சிரிப்பு வரணும்

மகனுக்கு, மருமகனுக்கு என்று பழைய கார் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். என் முதுகுக்குப் பின்னால், “ஒத்தக் கண்ணி வந்திட்டா, இனி விக்கிறவனுக்குக் காய்ச்சல்தான்” என்று சிரிக்கிறதும் எனக்குக் கேட்கும். சிரியுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு கிடந்து மாரடித்தவர்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் போன கிழமை உங்களில் ஒருத்தியின் பேரனுக்குக் கார் பார்க்கப் போனோமே, அன்றைக்கு நான் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேரன் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டேன். வரும் வழியில் அவள் கேட்டாள்: “ஒரு நாளும் ஸ்டேரிங் புடிச்சதில்ல நீ, எங்ககா படிச்ச இதெல்லாம்?” அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். என் கண் போன கதையை, காருக்குக் குறுக்கே மாடு பாய்ந்த கதையாகத்தான் நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். மாடு ஒன்றும் பாயவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா அரிசி ஆலை ஒன்றில் லொறி ஓட்டினார். நெடுக ஓட்டி ஓட்டி, அவருடைய உள்ளங்கை லொறி டயர் மாதிரி காய்த்துப்போயிருந்தது. அந்தக் கையால் அறை வாங்கினவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். உம்மாவின் முன்பல் ஒன்று பாதியாய் நின்றது அந்தக் கையால்தான். உம்மாவும் லேசுப்பட்டவ இல்லை. ஒருமுறை உலக்கையால் எறிந்து வாப்பாவின் முழங்காலை வீங்க வைத்தா. சண்டை தொடங்கினால் என் மூத்தவ, ராத்தா, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவா, நான் மேசைக்குக் கீழே போய்ப் படுப்பேன். சத்தம் போடாமல் கிடந்தால் அடி நம் பக்கம் திரும்பாது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படிக்கும் முன்னமே நான் படித்த பாடம் அது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு என்றால் பெண்ணுடையது. உங்களுக்குத் தெரியாததில்லை. பெண்ணுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருக்க வேண்டும். எங்கள் வீடு, கிணறு, தென்னைகள், கோழிக்கூடு எல்லாம் உம்மாவுடையவை. வாப்பாவுக்கென்று அந்த வேலிக்குள், அந்த வளவில், ஒரு கொடிக்கயிறுகூடக் கிடையாது. பெரிய மாமா, அதுதான் உம்மாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா, கரைவலை முதலாளி, இதை வாப்பாவுக்கு மறக்கவிடுவதேயில்லை. வாப்பா ஒரு தரம் லொறியில் ஒரு ஆட்டுக்குட்டி கொண்டுவந்தார். பெருநாளைக்கு மாமா அதைக் கேட்காமலே அவிழ்த்துக்கொண்டு போனார். வாப்பா மறித்தபோது மாமா சிரித்துக்கொண்டு சொன்னார்:

“வளவுக்குள்ள வந்தா அது வளவுக்காரிக்கி, மச்சான். என்ட தங்கச்சிட ஆடு அது.”

அன்றைக்கு வாப்பா மாமாவை அடிக்கவில்லை. உம்மாவை அடித்தார்.

ராத்தாவுக்குப் பதினேழு வயதாகியிருந்தது. அவவுக்கு வீடு கட்டவென்று வளவின் தெற்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கியிருந்தார் வாப்பா. கூரைக்குப் பாலை மரமும் வாங்கிக் கிடந்தது. அந்தக் கல் குவியலுக்குள் பாம்பு குடியிருக்கிறது என்று நாங்கள் கிட்டப் போவதில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கல்லும் இல்லை, மரமும் இல்லை, பாம்பும் இல்லை. வாப்பா விற்றுவிட்டார். கார் வாங்கப் போகிறாராம். வாடகைக்கு ஓட்டி ஒரு வருசத்துக்குள் கல் வீடென்ன, மாடி வீடே கட்டிக் காட்டுவாராம். உம்மா தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் இருந்தா. வாப்பா அவவைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தார்.

“வா மகள், கார் பாக்கப் போவம்.”

ஏன் என்னைக் கூட்டிப்போனார் என்று அப்போது விளங்கவில்லை. பெரிய பெருமையாய் இருந்தது. அவரோடு பேசுகிற ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

முதல் கார் அம்பாறையில் ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் ஒருவருடையது. கறுப்பு நிறம், முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஒரு கிழமையாய், ஏழு நாளாய், எடுக்கவேயில்லை, இப்போது ஸ்டார்ட் பண்ணினாலும் ஒரே தரத்தில் பிடிக்கும் என்றார் அவர். வாப்பா போய்ப் பொனெட்டில் கையை வைத்தார். பிறகு என் கையை எடுத்து வைத்தார். சோற்றுப் பானை மாதிரிச் சுட்டது.

“ஒரு கிழமையா எடுக்கல்லயா?” என்று கேட்டுக்கொண்டே வாப்பா அந்த மனிசனின் சேட்டுக் கழுத்தைப் பிடித்தார். “சூடாக்கி வெச்சிட்டுப் பொய் சொல்லுறியா, என்ட புள்ளக்கி முன்னால?”

மனிசனுடைய மூக்குக் கண்ணாடி விழுந்து மிதிபட்டது. உள்ளேயிருந்து இரண்டு பொடியன்கள் விளக்குமாறும் பொல்லுமாய் வந்தார்கள். வாப்பா ஒருவனிடமிருந்து பொல்லைப் பிடுங்கி அவனுடைய முதுகிலேயே முறித்தார். நானும் வாப்பாவும் பஸ் நிலையம்வரை ஓடினோம். பஸ்ஸில் ஏறி இருந்ததும் வாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. வாப்பாவின் உதடு வெடித்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே சொன்னார்:

“இஞ்ச பாரு மகள், பழைய கார் எண்டா மூணு விசயம். மலிவா இரிக்கணும். வழியில நம்மள உடக்கூடா. ஓட்டக்குள்ள சிரிப்பு வரணும். மூணாவது இல்லாட்டி அது கார் இல்ல, லொறி.”

இரண்டாவது கார் மருதமுனையில். கைத்தறிச் சாரம் விற்கிற வியாபாரி ஒருவர் வைத்திருந்தார். நல்ல கார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டிவிட்டு இறங்கும்போது வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஜனாசா எடுத்த சாவு வீட்டுக்குப் போய்வந்த முகம். திரும்பிவிட்டோம்.

மூன்றாவது அறுகம்பேயில் கிடந்தது. அலையில் சறுக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் பலகை ஏற்றித் திரிவதற்கு வைத்திருந்தானாம். ஊருக்குப் போகும்போது தங்கின வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டுப் போய்விட்டான். சின்னக் கார், வெளிறிப்போன நீலம், கூரையில் பலகை கட்டுகிற இரண்டு கம்பி. கடலுக்குப் பக்கத்தில் நின்ற காரை ஆர் நம்புவான்? உப்புக் காற்றில் எங்கள் ஊர்க் கார்களுக்குக் கால் வைக்கிற தட்டே உதிர்ந்து றோட்டுத் தெரியும். வாப்பா மண்ணில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் போனார். விரலால் உள்ளே தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். எனக்கு அருவருத்தது.

“உப்பு இல்ல,” என்று அடியிலிருந்து சொன்னார். “வெள்ளக்காரன் நல்ல தண்ணியால கழுவியிரிக்கான். வண்டிட வயித்தக் கழுவுறவன் பொய்க்காரனா இருக்கமாட்டான்.”

பொனெட்டில் கை வைத்தோம். பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்தது. சாவியைத் திருப்பினார். முதல் தரத்திலேயே பிடித்தது. பொத்துவில் றோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். வளைவுக்கு வளைவு அது ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளித் திரும்பியது. வாப்பா வாயைத் திறந்து சிரித்தார். அவருடைய கடைவாய்ப் பற்களை அன்றைக்குத்தான் நான் முதலில் கண்டேன்.

சாமான் பெட்டிக்குள் வெள்ளைக்காரன் மறந்துவிட்டுப்போன மெழுகுக் கட்டி ஒன்று இருந்தது. பலகையில் பூசுகிறது. இனிப்பென்று நினைத்து நான் கடித்தேன். பழ வாசம், வாயில் மெழுகு. துப்பிவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பல் பதிந்த அந்தக் கட்டி என்னிடம் நெடுநாள் இருந்தது. பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியாது.

கார் வளவுக்குள் வந்த அன்று பின்னேரம் பெரிய மாமா வலைக்காரர்கள் இரண்டு பேரோடு வந்தார். செங்கல் கிடந்த இடத்தில் கார் நிற்பதைப் பார்த்தார். நேரே போய் வாப்பாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். வாப்பா காருக்குள்ளிருந்து, சாவிக்குப் பிடிக்காவிட்டால் காரின் முன்பக்கம் போட்டுச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணுகிற இரும்புக் கம்பியை எடுத்து மாமாவின் தோளில் போட்டார். வலைக்காரர்கள் வாப்பாவைக் கிணற்றடியில் விழுத்தி மிதித்தார்கள். உம்மா, “கொல்லாதீங்க, புள்ளைட வாப்பா” என்று நடுவில் விழுந்து அவவும் வாங்கினா. மேசைக்குக் கீழே போக வழியில்லாமல் நான் காரின் பின்கதவைத் திறந்து, முன்சீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் படுத்தேன். அறுகம்பே மணல் இன்னும் அங்கே கிடந்தது. மேசையைவிட அது நல்ல இடம். கதவைச் சாத்தினால் சத்தம் பாதிதான் வரும்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதம் எங்கள் வீட்டில் அடி குறைவு. கார் உழைத்தது. கல்யாணம், ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, எங்கே கூப்பிட்டாலும் போனது. ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை. மழையில் மாவடிப்பள்ளி றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடினபோது பெரிய வாகனங்களெல்லாம் நின்றுவிட, எங்கள் சின்ன நீலம் மெல்ல மெல்ல ஊர்ந்து அக்கரை ஏறியது. தெற்குப் பக்கத்தில் ராத்தாவின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து சோறு தின்றதும் வாப்பா என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு மாவடிப்பள்ளி நேர் றோட்டுக்குப் போவார். இரண்டு பக்கமும் வயல், கண்ணாடி எல்லாம் இறக்கி, ஒரே ஓட்டம். இரண்டு பேரும் சும்மா சிரிப்போம். முன்சீட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் எனக்கு ஒரு பழைய சாரத்தை மடித்துப் போட்டிருந்தேன். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் குரல் உயர்ந்தால் ஓடிப்போய் அதில் படுத்துக்கொள்வேன். நான் அங்கே படுப்பது ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் ஒருவருமில்லை.

பிறகு ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். பெரிய மாமாதான் பேசினார். வாப்பா அன்றைக்கு வாடகைக்குப் போயிருந்தார். அத்திவாரத்தோடு நிற்கிற வீட்டைக் காட்டி மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்களாம். மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“ஊடு எழும்பும். அதோட அந்தக் காரும் மாப்புளைக்கித்தான்,” என்று சொல்லிவிட்டார்.

ஏமாற்ற வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. இதை நான் இப்போது சத்தியம் பண்ணிச் சொல்வேன். வளவுக்குள் வந்தது வளவுக்காரிக்கு, வளவுக்காரியுடையது மகளுக்கு. சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி அவருக்கு அது ஒரு சாதாரண விசயம். உம்மாவுக்கும் அப்படித்தான். வாப்பாவிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. வாப்பா வீடு கட்டமாட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அந்தக் கார் ஒன்றைத்தான் என்னுடையது என்று நினைத்தார். அதையாவது அவர் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை. கையால்தான் கதைக்கத் தெரியும் அவருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம், மாப்பிள்ளையும் அவருடைய கூட்டாளியும் மாமாவோடு வந்தார்கள். வாப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை நேரே போய்க் காரின் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தார். கோர்னை அடித்தார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். சிரித்துக்கொண்டே இறங்கி வாப்பாவிடம் வந்து, “நல்ல சாமான் மாமா, கூரையில இரிக்கிற கம்பியை மட்டும் கழட்டிப் போட்டு எனக்குத் தாங்க,” என்றார்.

“ஒனக்கு என்னத்துக்குத் தாற?” என்று வாப்பா கேட்டார்.

மாமா சொன்னார்: “பேசினதுதானே மச்சான். சீதனத்தோட.”

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினா. ஓம் என்று.

குரல் உயரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர்கள் எல்லாரும் வாப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் மறுபக்கத்தால் போய்ப் பின்கதவைத் திறந்து என் பள்ளத்தில் படுத்தேன். மெல்லச் சாத்தினேன். சாரத்தை மேலே இழுத்துக்கொண்டேன்.

வெளியே முதலில் மாப்பிள்ளையின் கூட்டாளி கத்தின சத்தம் கேட்டது. பிறகு உம்மாவின் சத்தம். அத்திவாரக் கிடங்கு தோண்டின இரும்பு அலவாங்கை வாப்பா தூக்கினதை நான் காணவில்லை. ஆளை அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் ஒதுங்கினார்களாம். அவர் காருக்கு வந்தார்.

“எனக்கில்லாட்டி ஒருத்தனுக்கும் இல்ல,” என்றார். சத்தம் போடவில்லை, சாதாரணமாய்ச் சொன்னார்.

முதல் அடி முன்கண்ணாடியில். கார் முழுவதும் குலுங்கியது, சீட்டுகளுக்கு மேலால் கண்ணாடி மழையாய்க் கொட்டியது. இரண்டாவது அடி கூரையில். தகரம் என் தலைக்கு மேலே முனகியது. அப்போது நான் “வாப்பா” என்று ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிடவில்லை. சத்தம் போடாமல் கிடந்தால் அடி என் பக்கம் திரும்பாது. அதை நம்பிக்கொண்டு, எந்தப் பக்கத்தால் வருகிறார் என்று பார்க்கத் தலையை மட்டும் கொஞ்சம் தூக்கினேன். மூன்றாவது அடி பின்பக்கக் கண்ணாடியில் விழுந்தது.

வலி உடனே வரவில்லை. சூடாய் ஏதோ கன்னத்தால் இறங்கியது. கதவைத் திறந்தது மாமா. அவர் என்னைத் தூக்கினபோது வாப்பா அலவாங்கைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றார். வாய் மட்டும் அசைந்தது. உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விழுந்துவிட்டா.

“கார எடு,” என்று மாமா கத்தினார். “எடுறா மச்சான்.”

கண்ணாடித் தூளுக்கு மேலேயே வாப்பா ஏறி இருந்தார். சாவியைத் திருப்பினார். முதல் தரத்திலேயே பிடித்தது.

பின்சீட்டில் மாமாவின் மடியில் என் தலை. முன்கண்ணாடி இல்லாத காருக்குள் கடற்காற்று அப்படியே அடித்தது. பிரதான வீதியில் வாப்பா அதை விரட்டின விரட்டில், வளைவில் அது பழையபடி துள்ளித் திரும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது. நம்புங்கள், கண்ணால் இரத்தம் ஓட ஓட நான் சிரித்தேன். நான் சாகப்போகிறேனென்று மாமா பயந்துபோய்க் கலிமாச் சொல்லத் தொடங்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அடிக்காமல் ஒரே காரில் போனது அன்றைக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து மாமா சொன்னார்: “மாடு பாய்ஞ்சதெண்டு சொல்லு.” வாப்பா, “ஓம்” என்றார்.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன், பகல், மாமா என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். தோடம்பழம் உரித்துத் தந்தார். அவருடைய விரல்களில் மீன் வாசமும் தோடம்பழ வாசமும் கலந்து வந்தது. கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணித் திரை ஒன்று இழுத்திருந்தது. மாமாவின் முதுகு அந்தப் பக்கம். எனக்கு மிஞ்சின கண்ணுக்கு, திரைக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தது. வார் அறுந்து ஆணி குத்தின, லொறி ஓட்டின காலத்துச் செருப்பு. வாப்பா வந்து நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

“மகள்,” என்றார் மாமா, “உம்மா ஒண்டும் கதைக்காளில்ல. நீதான் அடிபட்டவ, நீயே சொல்லு. ஒங்கட வாப்பா ஊட்டுல இரிக்கட்டா, போகட்டா?”

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? நியாயம் செய்கிறேன் என்று நினைத்துத்தான் கேட்டார். பாவம்.

நான் கேட்டேன்: “கார்?”

“கார் நிக்கும். கண்ணாடி போட்டாச் சரி.”

செருப்பு அசையவில்லை. வாப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன், அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“அப்ப வாப்பா போகட்டும்.”

அந்த வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் அடித்திருக்கிறார்கள். நான் ஒருவருக்கும் கை நீட்டினதில்லை. அது ஒன்றுதான் நான் அடித்தது. திரைக்குக் கீழால் ஒரு காய்த்த கை உள்ளே வந்தது. கார்ச் சாவியை நிலத்தில் வைத்தது. செருப்புச் சத்தம் வாசல்வரை கேட்டது. மாமா திரும்பிப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துத் தன் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வாப்பா சாகாமம் பக்கம் ஓர் ஆலையில் லொறி ஓட்டப் போனார். அந்த ஆலையின் சாக்கு அறையிலேயே இருந்தார். ராத்தாவின் கல்யாணத்தன்று வேலிக்கு வெளியே றோட்டில் நின்று பார்த்தாராம், ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. என்னைத் தேடி அவர் வரவில்லை. நான் போகவுமில்லை. அவர் கண் மூடி மௌத்தான செய்தி வந்தபோதுதான் போனேன். அந்தக் கார் மட்டும் ராத்தாவின் மாப்பிள்ளையிடம், என் மச்சானிடம், பதினான்கு வருசம் ஓடியது. ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை. கார் விசயத்தில் வாப்பா ஒரு பிழையும் விடவில்லை என்று அவர் உயிரோடு இருக்கையில் அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடந்து குத்துகிறது.

கேள்வி கேட்டவளே, போன கிழமை உன் பேரன் அந்த வெள்ளைக் காரை ஓட்டிவிட்டு இறங்கும்போது கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தான். நான் முகத்தைத் திருப்பினது அதற்குத்தான், காரில் குறை கண்டு இல்லை. பொனெட் குளிர்ந்துதான் இருந்தது. அடியில் உப்பும் இல்லை, நான் விரல் வைத்துப் பார்த்தேன். நல்ல கார், எடுக்கச் சொல். ஆனால் அதை உன் வளவுக்குள் கொண்டுவருவதற்கு முன்னால், அது ஆருடைய கார் என்று வீட்டிலிருக்கிற எல்லாருக்கும் வாய் திறந்து சொல்லிவிடு.